வழியறியும் வெண்குழியம்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சமயமும் இலக்கியமும் முழங்கும் இம்மேடையிலே விஞ்ஞானம் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். பட்டப்படிப்பை இன்னும் முடியாத மாணவன் யான். நான் சொல்வதிற் குறை காணின் அது என் அறியாமையால் வந்ததென்று பொறுத்தருள வேண்டுகின்றேன்.

இப்பொருளை நான் தெரிந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. நான் உயர்தர வகுப்பிற் படித்துக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் ஆச்சியின் காலில் ஒரு புண் உண்டாயிற்று. அவருக்கு நெடுநாளாகச் சீனி வருத்தம். புண்ணைக் கழுவித் துணி மாற்றுவது என் பங்கு. ஒருநாள் துணியில் ஊறியிருந்த சீழைப் பார்த்து, "தம்பி, இது என்ன, ஊத்தை இரத்தமோ?" என்று ஆச்சி கேட்டார். "ஓம் ஆச்சி, ஊத்தைதான்" என்று நானும் சொல்லிவிட்டேன். விஞ்ஞானம் படிக்கும் பேரன் சொன்னபடியால் அவர் அதை நம்பினார். நான் சொன்னது பிழையென்று பல்கலைக்கழகத்திற்கு வந்த பின்னரே அறிந்தேன். திருத்திச் சொல்ல ஆச்சி இன்று இல்லை. அவருக்குச் சொல்லவேண்டிய மறுமொழியையே இன்று உங்கள் முன் சொல்ல முயல்கின்றேன்.

சீழ் என்பது ஊத்தையன்று. அதிற் பெரும்பகுதி போர்க்களத்தில் மாண்ட வீரர்களின் உடல்களே. அவ்வீரர்களுக்கு வெண்குழியங்கள் என்று பெயர். நமது குருதியில் ஒரு கன மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரையான வெண்குழியங்கள் உள. அவற்றுட் பாதிக்கு மேற்பட்டவை நடுநிலை நாடிகள் எனப்படும் வகையைச் சேர்ந்தவை. என்பு மச்சையிலே நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 கோடி நடுநிலை நாடிகள் பிறக்கின்றன. குருதியில் அவை சுற்றித் திரியும் காலமோ பெரும்பாலும் மணிக்கணக்கில் எண்ணத்தக்கது. நம் காலில் ஒரு முள் தைத்தால், குருதிக்குழாயின் உட்சுவரில் உருண்டு, ஒட்டி, சுவரின் இடுக்கு வழியே நுழைந்து, முள் தைத்த இடத்தை நாடி முதலில் ஓடி வருபவை இவையே. வந்து பற்றீரியாக்களை விழுங்கித் தாமும் மடிகின்றன.

இவ்வுண்மை வெளிப்பட்ட வரலாறு சுவையானது. 1882 ஆம் ஆண்டில் இலியா மெச்னிக்கோவ் என்னும் உருசிய அறிஞர் இத்தாலி நாட்டின் மெசீனா நகரில் தங்கியிருந்தார். ஒருநாள் வீட்டார் எல்லாரும் வித்தை காட்டும் குரங்குகளைப் பார்க்கப் போய்விட்டனர். தனித்திருந்த அவர் நட்சத்திர மீனின் குடம்பிகளை நுணுக்குக்காட்டியில் நோக்கிக்கொண்டிருந்தார். கண்ணாடி போன்ற அவற்றின் உடலுக்குள்ளே சில கலங்கள் ஊர்ந்து திரிவதைக் கண்டார். அந்நியப் பொருள் ஒன்று உட்புகுந்தால் இக்கலங்கள் அதனைச் சூழ்ந்து எதிர்க்குமோ என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. வீட்டுத் தோட்டத்து ரோசாச் செடியில் முட்களைப் பறித்துக் குடம்பிகளின் உடலில் ஏற்றி வைத்தார். மறுநாட் காலையிற் பார்க்கும்போது முள்ளைச் சுற்றிக் கலங்கள் திரண்டு நின்றன. தின்குழியங்கள் பற்றிய கொள்கை பிறந்தது அன்றுதான். அதற்காக 1908 ஆம் ஆண்டின் நோபல் பரிசை அவர் போல் ஏர்லிக் என்பாருடன் பகிர்ந்துகொண்டார்.

இனி, 1950களில் அமெரிக்காவின் வண்டர்பில்ற் பல்கலைக்கழகத்தில் டேவிட் றொஜேர்ஸ் என்பவர் எடுத்த ஒரு சிறிய படத்தை நீங்கள் பார்க்கவேண்டும். செங்குழியங்கள் நிறைந்த நடுவிலே ஒரு நடுநிலை நாடி ஒரு பற்றீரியாவைத் துரத்துகின்றது. பற்றீரியா இடம் மாறும்போதெல்லாம் துரத்துவதும் திரும்புகின்றது. குறுக்கே நிற்கும் செங்குழியங்களை ஒதுக்கித் தள்ளுகின்றது. ஈற்றில் எட்டிப் பிடித்து விழுங்குகின்றது. எலியைத் துரத்தும் பூனையைப் பார்த்தது போல் இருக்கும்.

நண்பர்களே, பூனைக்குக் கண் உண்டு, காது உண்டு, மூளை உண்டு. நடுநிலை நாடிக்கு இவை ஒன்றும் இல்லை. அதன் அகலம் ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடியதே. மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தூரம் நகரும். அவ்வளவு சிறிய பொருள் வழியை அறிவது எங்ஙனம்?

முதல் விடை: அது மணம் பிடிக்கின்றது. பற்றீரியாக்கள் தம் புரதங்களைக் கட்டத் தொடங்கும்போது போமைல் மெதியோனீன் என்னும் அமினோ அமிலத்தை முதற் கல்லாக வைக்கின்றன. நம் கலங்கள் பொதுவாக அவ்வாறு செய்வதில்லை. ஆகையால் அக்கல்லைத் தாங்கிய சிறு துண்டுகள் பரவினால், இங்கே பகைவன் இருக்கின்றான் என்பதற்கு அதுவே அடையாளம். இத்துண்டுகள் வெண்குழியங்களைக் கவர்ந்திழுக்கும் என்பது 1975 இல் நிறுவப்பட்டது. புண்பட்ட இழையங்களும் இன்ரலூக்கின்-8 போன்ற தூதுப் பொருள்களை விடுகின்றன. வெண்குழியத்தின் மேற்பரப்பெங்கும் இவற்றைப் பற்றும் வாங்கிகள் உள்ளன.

ஆயின் மணம் உண்டென்று அறிவது வேறு. மணம் எத்திசையில் என்று அறிவது வேறு. சலி சிக்மண்ட் என்னும் அம்மையார் 1977 இல் இதனை அளந்து காட்டினார். கலத்தின் ஒரு புறத்துக்கும் மறுபுறத்துக்கும் இடையே செறிவில் நூற்றுக்கு ஒரு பங்கு வேறுபாடு இருந்தாலே நடுநிலை நாடி திசையறிந்து திரும்புகிறது. முன்னே நூறு மூலக்கூறுகள் இருக்கப் பின்னே தொண்ணூற்றொன்பது இருந்தாற் போதும் என்பதாம். இத்துணை மெல்லிய வேறுபாட்டை, இதுவே முன், இதுவே பின் என்னும் உறுதியான தீர்மானமாக மாற்றுவது யாது?

இங்கேதான் இன்றைய உரையின் நாயகர்கள் மேடைக்கு வருகின்றனர். கலத்தைப் போர்த்திருக்கும் மென்சவ்வு பெரும்பாலும் இலிப்பிட்டு என்னும் கொழுப்புப் பொருள்களால் ஆனது. ஒரு மில்லிமீற்றரை இரண்டு இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவே அவ்விலிப்பிட்டுப் படையின் தடிப்பு. அது வெறும் வேலி என்றே நெடுங்காலம் எண்ணினர். 1953 இல் மேபல் ஹொக்கின், லோவெல் ஹொக்கின் என்னும் தம்பதியர் கதிரியக்கப் பொசுபரசைக் கொண்டு கணையத் துண்டுகளை ஆராய்ந்தனர். வெளியிலிருந்து ஒரு தூதுப் பொருள் வந்து தூண்டியதும் மென்சவ்வின் சில இலிப்பிட்டுகள் விரைந்து மாற்றமடைவதைக் கண்டனர். வேலி என்று எண்ணியது செய்திப் பலகையாகவும் இருந்தது!

அவ்விலிப்பிட்டுகளிலே ஒன்றின் தலையில் இனோசிற்றோல் என்னும் வளையம் உண்டு. வளையத்திற்கு ஆறு மூலைகள். அவற்றுக்கு இலக்கமும் உண்டு. நாலாம், ஐந்தாம் மூலைகளிற் பொசுபேற்று ஏறிய வடிவத்தைச் சுருக்கமாகப் பிப்-2 என்பர். இது மென்சவ்வில் எப்போதும் ஓரளவு இருக்கும். மணம் வாங்கியைத் தொட்டதும், உள்ளேயுள்ள ஒரு நொதியம் எழுந்து, பிப்-2 இன் மூன்றாம் மூலையில் இன்னுமொரு பொசுபேற்றை ஏற்றுகின்றது. அதுவே பிப்-3. மூன்றாம் மூலையில் ஏற்றுவதால் அந்நொதியத்துக்கு 3-கைனேசு என்று பெயர். அமெரிக்க அறிஞர் லூயிஸ் கான்ற்லி குழுவினர் இம்மூன்றாம் மூலையின் கதையை 1988 இல் வெளியிட்டனர். அதே ஆண்டில், பற்றீரியாவின் அடையாளத்தை ஒத்த துண்டுகளால் தூண்டிய நடுநிலை நாடிகளிலேயே பிப்-3 கண்டறியப்பட்டது என்பது நம் பொருளுக்கு மிகப் பொருத்தமானது. ஓய்ந்திருக்கும் கலத்தில் அது மிகச் சொற்பம். தூண்டிய சில விநாடிகளுள் எழுகின்றது.

பிப்-3 ஏற்றிய கொடி போன்றது. கொடியைக் கண்டவுடன் கலத்தினுள்ளே மிதக்கும் சில புரதங்கள் அவ்விடத்துக்கு ஓடி வந்து மென்சவ்வில் ஒட்டிக்கொள்கின்றன. அவை ராக் என்னும் புரதத்தைத் தட்டியெழுப்புகின்றன. ராக் எழுந்தால் அக்ரின் என்னும் புரத மணிகள் கோத்து இழைகளாகி, மென்சவ்வை உள்ளிருந்து தள்ளுகின்றன. கலத்தின் முன்புறம் போலிப்பாதமாக நீள்கின்றது. அதே வேளை பின்புறத்தில் ரோ என்னும் மற்றொரு புரதம் மயோசினை ஏவி வாலைச் சுருக்குகின்றது. முன் நீள, பின் சுருங்க, கலம் நகருகின்றது.

இவையெல்லாம் ஊகம் என்று எவரும் ஐயுற வேண்டாம், கண்ணாற் கண்டவை. ஜெலி மீனிலிருந்து பெற்ற பச்சையாக ஒளிரும் புரதத்தை, பிப்-3 இல் ஒட்டும் புரதத் துண்டோடு இணைத்துக் கலங்களுக்குள் வைத்தனர். 1998 இல் டிக்ரியொஸ்ரீலியம் என்னும் மண்வாழ் அமீபாவிலும், 2000 இல் நடுநிலை நாடியை ஒத்த மனிதக் கலங்களிலும் இச்சோதனை வெற்றி பெற்றது. மணம் வரும் பக்கத்து ஓரம் மட்டும் பச்சையாகச் சுடர்ந்தது. வாங்கிகளோ கலத்தைச் சுற்றிலும் பரந்தே இருந்தன. எங்கும் பரந்து கேட்டு, ஓரிடத்தில் மட்டும் கொடியேற்றும் வித்தை நொதியங்களாலே நிகழ்கின்றது. 2000 ஆம் ஆண்டிலேயே மூன்று ஆய்வுக் குழுக்கள், வெண்குழியங்களில் மிகுந்துள்ள காமா வகை 3-கைனேசை இழந்த எலிகளைப் பற்றி எழுதின. அவ்வெலிகள் பிறந்தன, வளர்ந்தன; ஆனால் அவற்றின் நடுநிலை நாடிகள் மணத்தை நாடிச் செல்லும் திறன் குன்றியிருந்தன.

கொடியேற்றினால் மட்டும் போதுமா? இறக்குவார் வேண்டாமா? தேர்த் திருவிழாவை எண்ணிப் பாருங்கள். வடம் பிடிப்போர் நூற்றுக்கணக்கானோர். அவர்கள் இழுப்பார்கள். ஆனால் வீதி முடக்கிலே தேரைத் திருப்புபவர்கள் யார்? சில்லின் அடியிலே முட்டுக்கட்டை கொடுக்கும் நாலைந்து பேரே. அவர்களை எவரும் கவனிப்பதில்லை. அவர்கள் இல்லையேல் தேர் வீட்டு மதிலில் மோதும்.

வெண்குழியத்திலும் அப்படியே. பிப்-3 இன் மூன்றாம் மூலைப் பொசுபேற்றைக் கழற்றும் நொதியம் ஒன்று உண்டு. அதன் பெயர் பீரென். புற்றுநோயைத் தடுக்கும் பரம்பரையலகு என்ற முறையில் 1997 இல் அது அறியப்பட்டது. அது கழற்றுவது பிப்-3 இன் பொசுபேற்றையே என்பது 1998 இல் தெரியவந்தது. நான் சொன்ன மண் அமீபாவில், பீரென் முன்புறத்தை விட்டு நீங்கிப் பக்கங்களிலும் பின்புறத்திலும் நிற்பதை 2002 இற் கண்டனர். பீரென் இல்லாத அமீபா நேர்வழி விட்டுச் சுற்றிவளைத்துப் போயிற்று. நடுநிலை நாடியிலோ ஐந்தாம் மூலையிற் கழற்றும் ஷிப் என்னும் நொதியமே இவ்வேலையிற் பெரும்பங்கு ஏற்கின்றது என்று 2007 இல் எழுதினர்.

அப்படியாயின் நடுநிலை நாடியிற் பீரெனுக்கு வேலை இல்லையா? உண்டு. 2008 இல் வெளிவந்த ஓர் ஆய்வு அதைக் காட்டுகின்றது. துரோணர் வைத்த சோதனை உங்களுக்கு நினைவிருக்கும். மரம் தெரிகின்றது, கிளை தெரிகின்றது என்றார் ஏனையோர். பறவையின் கண் ஒன்றே தெரிகின்றது என்றான் அருச்சுனன். நடுநிலை நாடிக்கும் இச்சோதனை உண்டு. வழியில் நம் உடற்கலங்கள் விடும் தூதுப் பொருளின் மணம் ஒரு புறம். பற்றீரியாவின் மணம் மறுபுறம். முன்னது வழிகாட்டிப் பலகை; பின்னதே சேரவேண்டிய ஊர். இரண்டும் எதிரெதிரே இருந்தால், நலமுள்ள நடுநிலை நாடி பலகையை விட்டு ஊரை நோக்கிச் செல்லும். பீரென் இல்லாத நடுநிலை நாடியோ இரண்டுக்கும் இடையே கவனம் சிதறிற்று. பலகையின் மணம் ஏற்றும் கொடிகளை அடக்குவதே பீரெனின் பணியாக இருந்தது. ஒன்றை நாடுவதற்கு மற்றொன்றைக் கைவிடும் ஆற்றலும் வேண்டும் போலும்.

இவ்விடத்தில் ஒன்றை மறைக்காமற் சொல்லவேண்டும். கதை அழகாக இருக்கிறதென்று கருதி விஞ்ஞானம் நிறுத்திக்கொள்வதில்லை. 2007 இல் இரு ஆராய்ச்சியாளர்கள் மண் அமீபாவில் இவ்வகைக் கைனேசுகள் ஐந்தினையும் ஒருசேர நீக்கினர். அமீபா வழி தவறும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். அதுவோ நன்றாகவே வழியறிந்து சென்றது! பொசுபோலிப்பேசு-ஏ2 என்னும் வேறொரு இலிப்பிட்டு நொதியமும் உடன்வழியாக உதவுகின்றது என்று அக்காலத்திலேயே வேறு குழுக்கள் காட்டின. ஆகவே 3-கைனேசு ஒன்றே திசைகாட்டி என்ற முந்திய எண்ணம் திருத்தப்பட்டது. பல வழிகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. அவற்றுள் இலிப்பிட்டு நொதியங்களின் வழி ஒன்று. தாம் விரும்பிய கருத்தைத் தாமே சோதித்து முறித்துப் பார்க்கும் இத்துணிவை நான் பெரிதும் மதிக்கின்றேன்.

இதனால் நோயாளிக்கு வரும் பயன் என்ன என்று நீங்கள் கேட்கலாம். 2014 இல் இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரத்து ஆய்வாளர்கள் முதியோரின் நடுநிலை நாடிகளை இளைஞரின் நடுநிலை நாடிகளோடு ஒப்பிட்டனர். முதியோரின் நடுநிலை நாடிகள் குறி தவறின. காரணம் தேடியபோது, அவற்றில் 3-கைனேசின் வேலை ஓயாமல் நடந்துகொண்டிருப்பதைக் கண்டனர். எப்போதும் எல்லாப் புறமும் வடத்தை இழுத்தால் தேர் எத்திசையிற் போகும்? நொதியத்தைத் தடுக்கும் மருந்தைச் சோதனைக் குழாயில் இட்டபோது குறி திரும்பவும் நேரானது. குறைவினால் மட்டுமன்று, மிகுதியினாலும் வழி தவறும் என்பது இதன் பாடம். இது ஆய்வுகூடத்தில் கண்டது. முதியோர்க்குரிய சிகிச்சை என்று நான் சொல்ல வரவில்லை. ஆயினும் இந்நொதியக் குடும்பத்தின் டெல்ரா என்னும் உறுப்பினர் பிறவியிலேயே அளவுக்கு மீறி வேலை செய்யும் அரிய நோய் ஒன்று 2013 இல் அறியப்பட்டது. அதற்கு லெனியோலிசிப் என்னும் மருந்து 2023 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றுள்ளது. ஆகவே இவ்வறிவு ஏட்டுச் சுரைக்காயன்று.

எங்கள் ஆச்சியின் புண் ஆறத் தாமதித்ததற்கு இதுவே காரணம் என்று நான் துணியேன். சீனி வருத்தத்திற் குருதியோட்டம் குறையும். நரம்பின் உணர்வு மங்கும். வெண்குழியங்களின் திறமும் குன்றும். காரணங்கள் பலவாகப் பின்னியிருக்கும். ஆயினும் ஒன்றை மட்டும் அறிவேன். அன்று துணியிற் கண்டது ஊத்தையன்று. முதுமையிலும் நோயிலும், குறி தவறியும் தவறாமலும், அவருக்காகப் புறப்பட்டு வந்து மாண்ட எண்ணிறந்த சிற்றுயிர்க் கலங்கள் அவை. தம் உடல் தம்மைக் கைவிட்டதென்று ஆச்சி அடிக்கடி நொந்துகொள்வார். அது கடைசி நாள் வரை அவரைக் கைவிடவில்லை என்று நான் சொல்லியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

முடிக்குமுன் இன்னொரு கேள்வி. இவ்வுரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, சங்கத்துப் பெரியவர் ஒருவர், "கண்ணும் மூளையும் இல்லாத கலத்தை நடத்துவது இறைவனன்றி வேறு யார்?" என்று கேட்டார். நண்பர் ஒருவரோ, "நொதியம் தெரிந்தபின் இறைவனுக்கு அங்கே என்ன வேலை?" என்றார். இருவரும் ஒரே பிழையைச் செய்வதாக எனக்குப் படுகின்றது. நாம் அறியாத இடைவெளியிலே இறைவனை நிறுத்தினால், அறிவு வளர வளர அவர் இடம்பெயர்ந்துகொண்டே இருக்கவேண்டியதுதான். அறிந்த இடத்திலும் அறியாத இடத்திலும் ஒருங்கே நிறைந்தவர் என்றல்லவா நம் பெரியோர் சொல்லி வைத்தனர்? நொதியத்தின் பெயரை அறிந்ததால் என் வியப்புக் குறையவில்லை. பொசுபேற்று ஒன்று ஏறுவதும் இறங்குவதுமாகிய சிறு செயலாலே உயிர் காக்கப்படுகின்றது என்று அறிந்தபின் அது பெருகியே இருக்கின்றது.

மற்றொன்றையும் சொல்லத் துணிகின்றேன். இவையெல்லாம் நம் முன்னோர் அன்றே அறிந்தவை என்று மேடைகளிற் சொல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. அப்படிச் சொல்லி முன்னோர்க்குப் பெருமை தேட வேண்டியதில்லை. அவர்கள் அறிந்தவை அவர்களுக்குப் பெருமை. இது மெசீனாக் கடற்கரையில் தொடங்கிப் பல நாட்டவரின் உழைப்பால் வந்த அறிவு. பிறர் தேடிய அறிவைப் பிறருடையது என்று நன்றியோடு சொல்லிக் கற்பதே நமக்கு அழகு. நம் பங்காக ஏதேனும் சேர்க்க வேண்டுமாயின் ஆய்வுகூடத்துக்குள் நாமும் புகவேண்டும்.

சகோதரர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டனாரோ பாட்டியாரோ இருப்பர். அவர்கள் கேட்கும் கேள்விக்குத் தெரியாவிட்டால், "தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். விசாரித்தபின் தாமதியாது போய்ச் சொல்லுங்கள். நான் தவறியதை நீங்கள் தவறவிட வேண்டாம்.